திரான்சில்வேனியாவின் சாக்சன் ஊர்கள்: கோட்டைத் தேவாலயங்களின் சாவி இப்போது யாரிடம்?

மலைப்பாதை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி நிமித்தம் ருமேனியாவின் திரான்சில்வேனியப் பகுதியிலுள்ள கிளுஜ் நகரத்துக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வார இறுதிகளில் கிடைத்த நேரத்தில் சிகிஷோரா, சிபியு, ப்ரஷோவ் ஆகிய மூன்று நகரங்களையும் பார்த்துவிட்டேன். நாடு ருமேனியா; ஆனால் கூரையிலும் வீதியமைப்பிலும் கல்லறைகளில் பொறித்த பெயர்களிலும் ஜெர்மானியச் சாயல்தான் தெரிகிறது. இவற்றைக் கட்டியவர்கள் சாக்சன்கள் என்று தகவல் பலகைகள் சொல்கின்றன. நகரங்களைவிடக் கிராமங்களில்தான் பார்ப்பதற்கு அதிகம் உண்டு என்று அலுவலக நண்பர்கள் வற்புறுத்துவதால், செப்டம்பரில் ஒரு வாரத்தை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள். அரசனோ பிரபுவோ வாழாத ஒரு சிற்றூரில் தேவாலயத்தைச் சுற்றி இத்தனை பெரிய மதிலை யார், எந்தப் பணத்தில், எதற்காக எழுப்பினார்கள்? கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் பெரும்பாலும் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள் என்றால், இன்று இவற்றைப் பராமரிப்பது யார்? சென்ற மாதம் ஒரு கிராமத்தில் தேவாலயக் கதவு பூட்டியிருந்தது. கதவில் ஒரு கைப்பேசி எண்ணை ஒட்டியிருந்தார்கள். இரண்டு முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. அந்தப் பூட்டின் முன்னால் நின்றபோது எழுந்த கேள்விகள் இவை.

ஆற்றங்கரை எழுதியது:

நல்ல கேள்வி. எனக்கும் தெரியாது என்பதால் ஒன்றை மட்டும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். சாக்சன் என்பது ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தைக் குறிப்பதா? 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயர் சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்தவர் என்று படித்திருக்கிறேன். அவருடைய ஊர்க்காரர்கள்தான் கிழக்கே போய் இந்தக் கோட்டைகளைக் கட்டினார்களா?

ஓலைச்சுவடி எழுதியது:

ஆற்றங்கரை அவர்களின் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி, ஏனென்றால் இந்தப் பெயர் எல்லோரையும் ஒருமுறையாவது வழிதவறச் செய்கிறது. சீகன்பால்கு பிறந்த சாக்சனிக்கும் திரான்சில்வேனியச் சாக்சன்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன்களும் வேறு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹங்கேரி அரசர் இரண்டாம் கேசா தன் நாட்டின் தென்கிழக்கு எல்லையாக இருந்த திரான்சில்வேனியாவைக் காக்கவும் நிலத்தைத் திருத்தவும் மேற்கிலிருந்து குடியேறிகளை அழைத்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் ரைன், மோசெல் ஆறுகளின் கரையோரங்களையும் இன்றைய லக்சம்பர்க், பிளாண்டர்ஸ் பகுதிகளையும் சேர்ந்தவர்கள். அரசவையின் லத்தீன் ஆவணங்கள் அவர்கள் எல்லோரையும் ஒரே சொல்லில் சாக்சன்கள் என்று குறித்தன. எழுத்தர் இட்ட அந்தப் பெயரே இனப்பெயராக நிலைத்துவிட்டது. அவர்களுடைய பேச்சுமொழி இன்றும் லக்சம்பர்க் மொழிக்குத்தான் நெருக்கமாக இருக்கிறது.

அடுத்து, பிரபு இல்லாத ஊரில் கோட்டை எப்படி வந்தது என்ற கேள்வி. இதற்கான விடை 1224ஆம் ஆண்டுப் பட்டயத்தில் இருக்கிறது. இரண்டாம் ஆண்ட்ரூ அரசர் வழங்கிய அந்த ஆவணத்தை ஆண்ட்ரேயானம் என்று அழைக்கிறார்கள். சிபியு பகுதியின் குடியேறிகள் ஆண்டுக்கு 500 வெள்ளி மார்க் வரி செலுத்தவும் அரசரின் போருக்கு வீரர்களை அனுப்பவும் வேண்டும். பதிலுக்கு அவர்கள் தங்கள் குருமாரையும் நீதிபதிகளையும் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், வணிகர்கள் சுங்கமின்றிப் பயணம் செய்யலாம், எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. பக்கத்து மாவட்டங்களில் உழவர்கள் பிரபுக்களின் பண்ணையடிமைகளாக இருந்த காலத்தில், அரச நிலம் எனப்பட்ட இந்தப் பகுதியில் உழவர் சுதந்திரமானவராக இருந்தார். நமக்கு இங்கே முக்கியம் அதன் மறுபக்கம்தான். பிரபு இல்லையென்றால் ஆபத்துக் காலத்தில் ஓடி ஒளிய அவருடைய கோட்டையும் இல்லை. 1241, 1242ஆம் ஆண்டுகளில் மங்கோலியப் படை ஊர்களைச் சூறையாடியது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து உஸ்மானியத் துருக்கியப் படைகளின் திடீர்த் தாக்குதல்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன. நகரங்கள் தங்களைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டன. கிராமத்தாருக்கு ஊரையே சுற்றி மதில் கட்ட வசதி இல்லாததால், ஊரிலேயே உறுதியான கல் கட்டடம் எதுவோ அதை, அதாவது தேவாலயத்தை, சுற்றிக் கட்டினார்கள்.

கல்தச்சன் எழுதியது:

ஓலைச்சுவடி ஐயா சொன்னதற்குக் கட்டுமானப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். பழங்கட்டடப் பராமரிப்பு என் தொழில். ஒரு பயிற்சிக்காக ஆறு வாரங்கள் அந்தப் பகுதியில் தங்கியிருக்கிறேன்.

இவற்றைக் கோட்டை என்று நினைத்துக்கொண்டு போனால் பாதி புரியாமல் திரும்புவீர்கள். கோட்டைக்குள் ஒளித்து வைத்த தானியக் களஞ்சியம் என்று நினைத்துப் பாருங்கள். ப்ரஷோவுக்கு அருகிலுள்ள ப்ரெஷ்மெர் இதற்குச் சிறந்த சான்று. நடுவில் சிலுவை வடிவத் தேவாலயம். அதைச் சுற்றி ஏறத்தாழ 12 மீட்டர் உயரமும் 3 மீட்டருக்கு மேல் தடிமனும் கொண்ட வட்ட மதில். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சுவர்தான். உள்முற்றத்தில் நின்று நிமிர்ந்தால், மதிலின் உட்பக்கம் முழுக்கத் தேனடைபோல் அடுக்கடுக்காகச் சிற்றறைகள்; ஏறக்குறைய 270 அறைகள். மரப்படிகளும் மரத்தாழ்வாரங்களும் அவற்றை இணைக்கின்றன. ஒவ்வொரு கதவிலும் ஓர் எண் உண்டு. ஊரில் ஒரு குடும்பத்துக்கு எந்த வீடோ, அதற்கேற்ப மதிலுக்குள் ஓர் அறை. அமைதிக் காலத்தில் அங்கே கோதுமையும் உப்பிட்ட இறைச்சியும் இருக்கும். எச்சரிக்கை மணி அடித்தால் அதே அறையில் குடும்பமும் வந்து சேரும். முற்றுகை நீண்டாலும் பிள்ளைகளின் படிப்பு நிற்கக் கூடாதென்று மதிலுக்குள்ளேயே ஒரு பள்ளி அறையையும் வைத்திருந்தார்கள். அதை இன்றும் பார்க்கலாம்.

அந்தப் படிகளைக் கவனித்துப் பாருங்கள். நடுப்பகுதி கிண்ணம்போல் தேய்ந்திருக்கும். படையெடுப்புக்காக ஓடியவர்களால் அவ்வளவு தேய்மானம் வந்திருக்க முடியாது. மாவுக்கும் கொழுப்புக்கும் அன்றாடம் ஏறி இறங்கியவர்களின் காலடிதான் அது.

இந்த வகைத் தேவாலயங்கள் ஒரு காலத்தில் 300 அளவில் இருந்தன. ஏறத்தாழ 150 இன்று எஞ்சியிருக்கின்றன. பியர்தான் ஊரின் தேவாலயம் 1993இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 1999இல் கல்னிக், ப்ரெஷ்மெர், விஸ்க்ரி, தர்ஜியூ, சாஸ்கிஸ், வாலேயா வீலோர் ஆகிய ஆறு ஊர்களையும் சேர்த்து அதை ஏழாக விரித்தார்கள். சிகிஷோராவின் பழைய நகரமும் அதே ஆண்டில் தனியாகப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலுக்கு வெளியே நிற்கும் மீதி ஊர்களைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஓலைச்சுவடி எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. அந்த ஏழில் தர்ஜியூ சாக்சன் ஊர் அன்று. ஹங்கேரிய மொழி பேசும் செக்கெலி மக்களின் ஊர். அங்குள்ளது, திரித்துவக் கொள்கையை ஏற்காத கிறித்தவப் பிரிவான யூனிடேரியன் சபையின் தேவாலயம். புனித லாடிஸ்லாஸின் கதையைச் சொல்லும் 1419ஆம் ஆண்டுச் சுவரோவியங்கள் அதில் இருக்கின்றன. அண்டை மக்களும் இதே முறையைக் கையாண்டார்கள் என்பதற்கு அது சான்று. கல்னிக்கும் சற்று மாறுபட்டது: முதலில் ஒரு பிரபுக் குடும்பத்தின் கோபுரமாக இருந்ததை 1430இல் ஊரார் விலைக்கு வாங்கிக்கொண்டார்கள்.

மலைப்பாதை எழுதியது:

மிக்க நன்றி. கதவெண் போட்ட களஞ்சியம் என்ற விளக்கம் எனக்குப் பலவற்றைத் தெளிவாக்குகிறது. விஸ்க்ரியில் கொழுப்புக் கோபுரம் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். கேலிக்கு வைத்த பெயர் என்று நினைத்துவிட்டேன். அதுவும் இதே வகையா?

நெக்கர்க்கரை எழுதியது:

கேலிப்பெயர் அன்று. நான் தெற்கு ஜெர்மனியில் வசிக்கிறேன். எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் பாட்டி சிகிஷோராவுக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து 1990இல் வந்தவர். அவர் எனக்குச் சொன்னதை எழுதுகிறேன்.

பனிக்காலத்தில் பன்றி அறுத்த பிறகு, உப்பிட்டுப் புகையூட்டிய கொழுப்புப் பாளங்களைக் கொண்டுபோய்த் தேவாலயக் கோபுரத்தில் தொங்கவிடுவார்கள். தடித்த சுவர் கோடையிலும் குளிர்ச்சியைக் காக்கும். ஒவ்வொரு குடும்பமும் தன் பாளத்தில் தனக்குரிய முத்திரையைக் குத்தியிருக்கும். வாரத்தில் ஒருமுறை கோபுரத்தைத் திறப்பார்கள். அவரவர் தேவைக்கு அறுத்துக்கொண்டு, வெட்டிய இடத்தில் மீண்டும் முத்திரையைக் குத்திவிட்டுப் போக வேண்டும். முத்திரை இல்லாத வெட்டு முகம் தெரிந்தால் திருட்டு என்று பொருள். "வங்கிப் பெட்டகம் எல்லாம் நாங்கள் இங்கே வந்த பிறகு பார்த்தது, எங்கள் பெட்டகத்தில் பூண்டு மணக்கும்" என்று பாட்டி சிரிப்பார். தர்ஜியூவில் இந்த வழக்கம் இன்றும் நிற்கவில்லை.

அவர் அடிக்கடி சொல்லும் இன்னொரு சொல் நாக்பார்ஷாஃப்ட், அதாவது அண்டை வீட்டார் குழு. ஒவ்வொரு தெருவும் இப்படி ஒரு குழுவாக இயங்கியது. கிணறு தூர்வாருதல், வீடு கட்டும்போது ஆள் கொடுத்தல், இறப்பு நேர்ந்தால் குழி தோண்டுதல், தேவாலயத்தின் ஓடு மாற்றுதல் எல்லாம் குழுவின் கடமை. செய்தி சொல்ல ஒரு மரச் சின்னம் உண்டு. குழுத் தலைவர் அதை முதல் வீட்டில் கொடுப்பார். செய்தியைக் கேட்டவர் அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தெருவைச் சுற்றிச் சின்னம் தலைவரிடம் திரும்பினால் எல்லோருக்கும் செய்தி சேர்ந்துவிட்டது என்று பொருள். ஆண்டுக்கொரு நாள் கணக்குத் தீர்க்கும் கூட்டம். கடமைக்கு வராதவருக்கு அபராதம். அதன் பிறகு விருந்து. மதிலை யார் பராமரித்தார்கள் என்று மலைப்பாதை கேட்டிருந்தீர்கள். அந்த மரத்துண்டு தெருவைச் சுற்றிவந்த காலம் வரைக்கும் இந்தக் குழுக்கள்தான் பராமரித்தன.

அது ஏன் நின்றது என்பதும் வருத்தம் தரும் கதைதான். 1945 ஜனவரியில் சோவியத் ஒன்றியத்தின் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் கட்டாய உழைப்புக்காகச் சுமார் 30,000 சாக்சன்களைக் கொண்டுபோனார்கள்; ஆண்களில் 17 முதல் 45 வயது வரை, பெண்களில் 18 முதல் 30 வயது வரை. அதே ஆண்டின் நிலச் சீர்திருத்தத்தில் ஜெர்மானியரின் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. பிறகு கம்யூனிஸ்டுத் தலைவர் சௌஷெஸ்குவின் ஆட்சியில், வெளியேற விரும்பும் ஒவ்வொருவருக்கும் மேற்கு ஜெர்மனி தலைக்கு இவ்வளவு மார்க் என்று கொடுத்து அழைத்துக்கொண்டது. 1978இல் அதற்கு இரு நாட்டுத் தலைவர்களும் உடன்பாடே செய்துகொண்டார்கள். 1967 முதல் 1989 வரையில் இப்படி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ருமேனிய ஜெர்மானியர்கள் போனார்கள். ஆட்சி கவிழ்ந்து எல்லை திறந்ததும், 1990ஆம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். எங்கள் பாட்டியின் தெருவில் ஈஸ்டருக்கு இருந்த பதினான்கு வீட்டார் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீட்டாராகிவிட்டார்களாம். எண்ணூறு ஆண்டுகள் குடியிருந்த ஊரை ஒரே கோடையில் காலி செய்தார்கள்.

ஆற்றங்கரை எழுதியது:

படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கிராமங்களைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டோம். நகரங்களைப் பற்றியும் சொல்லுங்கள். சிகிஷோராவின் கோபுரங்களுக்குத் தையல்காரர் கோபுரம், கசாப்புக்காரர் கோபுரம் என்றெல்லாம் பெயர் இருப்பது ஏன்?

ஓலைச்சுவடி எழுதியது:

நகரத்து மதிலைக் கட்டியதும் காத்ததும் கைவினைச் சங்கங்கள். சிபியு, சிகிஷோரா, செபெஷ், ஒரஷ்டியே ஆகிய நான்கு ஊர்களின் சங்க விதிகளை 1376இல் எழுதிப் புதுப்பித்தார்கள். அதில் 19 சங்கங்களும் 25 தொழில்களும் இடம்பெறுகின்றன. சங்கம் ஒவ்வொன்றும் மதிலின் ஒரு பகுதியையும் ஒரு கோபுரத்தையும் தன் செலவில் பராமரித்து, தாக்குதலின்போது அங்கே ஆள் நிறுத்த வேண்டும். சிகிஷோராவில் இருந்த 14 கோபுரங்களில் 9 எஞ்சியிருக்கின்றன. தோல் பதனிடுவோர், தகரத் தொழிலாளர், கயிறு திரிப்போர், கசாப்புக்காரர், மென்மயிர்த் தோல் வினைஞர், தையல்காரர், காலணி தைப்போர், கொல்லர் என்று எட்டுக்கும் சங்கப் பெயர்கள். ஒன்பதாவதான மணிக்கூண்டுக் கோபுரம் மட்டும் எந்தச் சங்கத்துக்கும் உரியதன்று. 64 மீட்டர் உயரமுள்ள அதில் 1556 வரை நகர மன்றம் கூடியது. 1676ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அதன் கூரை அழிந்து, இன்று நாம் பார்க்கும் கூரை அடுத்த ஆண்டில் எழுந்தது. மேலே குன்றின் பள்ளிக்குப் பிள்ளைகள் பனியில் நனையாமல் ஏறுவதற்காக 1642இல் கட்டிய கூரையிட்ட மரப்படிக்கட்டை நேரில் பார்த்திருப்பீர்கள்.

ப்ரஷோவின் கருப்புத் தேவாலயத்தைப் பற்றியும் ஒரு சொல். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கட்டிய கோதிக் பாணிக் கட்டடம் அது. 1689 ஏப்ரல் 21 அன்று நகரத்தை எரித்த தீயில் அது கருகியதால் அந்தப் பெயர் வந்தது என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். தீ உண்மை, பெயர் 19ஆம் நூற்றாண்டில்தான் வழக்கத்துக்கு வந்தது. என்னைக் கேட்டால், உள்ளே போனதும் கருமையைத் தேடாமல் சுவர்களிலும் இருக்கைகளிலும் தொங்கும் கம்பளங்களைப் பாருங்கள். துருக்கியின் அனதோலியாவில் நெய்த நூற்றுக்கும் மேற்பட்ட கம்பளங்கள் அந்தத் தேவாலயத்துக்குச் சொந்தமானவை. ப்ரஷோவின் அறிஞர் யோகன்னஸ் ஹொண்டெருஸின் முயற்சியால் 1540களில் லூத்தரன் சீர்திருத்தம் வந்து சிலைகளையும் ஓவியங்களையும் அகற்றிய பிறகு, வெறுமையான சுவர்களுக்கு வணிகர்களும் சங்கங்களும் காணிக்கையாகக் கொடுத்தவை அவை. எந்த உஸ்மானியருக்கு அஞ்சி மதிலின் உயரத்தை ஆண்டுக்காண்டு கூட்டினார்களோ, அதே உஸ்மானியரின் நாட்டில் நெய்த தொழுகை விரிப்பைக் கொண்டுவந்து தேவாலயத்தில் பெருமையுடன் தொங்கவிட்டார்கள். எல்லைப்புற ஊரின் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் பொருளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எதிர்க்கரை எழுதியது:

இழை முழுவதையும் படித்தேன். தகவல்கள் சிறப்பானவை, ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் நின்று பேசுவதாகத் தோன்றுவதால் மறுபக்கத்தையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். சுதந்திர உழவர், தேர்ந்தெடுத்த நீதிபதி, அண்டை வீட்டார் குழு என்று நாம் புகழும் இந்தச் சமூகம் தன் மதிலுக்குள் பிறரைச் சேர்க்கவில்லை. சாக்சன் நகரங்களில் ருமேனியர்கள் வீடு வாங்கவும் குடியுரிமை பெறவும் நூற்றாண்டுகளாகத் தடை இருந்தது. ப்ரஷோவில் ருமேனியர்கள் மதிலுக்கு வெளியே ஷ்கெய் என்ற பகுதியில் வாழ்ந்தார்கள். 1781இல், அப்போது இந்தப் பகுதியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஆணையிட்ட பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. இன்று இந்த ஊர்களில் வாழ்பவர்கள் ருமேனியர்களும், முன்பு ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களும்தான். முன்னோரை உள்ளே விடாத மதிலை, அவர்களுடைய வரிப்பணத்தில் ஏன் காக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது.

ஓலைச்சுவடி எழுதியது:

எதிர்க்கரை அவர்கள் சொன்ன செய்திகளை மறுக்க ஒன்றுமில்லை. நான் முன்பே எழுதியிருக்க வேண்டியவை அவை. ஆனால் மதில் விலக்கியது என்பதோடு உறவு முடிந்துவிடவில்லை. ருமேனிய மொழியில் எழுதி, காலம் அறியக்கூடிய மிகப் பழைய ஆவணம் 1521ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. கும்புலுங் ஊரைச் சேர்ந்த நெயாக்ஷு என்ற வணிகர், துருக்கிப் படை நகர்வதாக எச்சரித்து அதை எழுதினார். யாருக்கு? ப்ரஷோவின் சாக்சன் நகரத் தலைவர் ஹான்ஸ் பெங்க்னருக்கு. அந்தக் கடிதம் அதே நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. உள்ளே குடியிருக்க அனுமதிக்காத ஊருக்கு வெளியிலிருந்தவர் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார். ஊரும் அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே மரபு என்று எண்ணுகிறேன்.

கல்தச்சன் எழுதியது:

வரிப்பணம் என்ற சொல் வந்துவிட்டதால் நான் தள்ளிவைத்த பகுதியை எழுதிவிடுகிறேன். இந்தத் தேவாலயங்களின் சட்டப்படியான உரிமையாளர் சிபியுவைத் தலைமையிடமாகக் கொண்ட ருமேனிய எவாஞ்சலிக்க (லூத்தரன்) திருச்சபை. 2021 கணக்கெடுப்பின்படி ருமேனியா முழுவதிலும் ஜெர்மானியர்கள் 23,000 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அவ்வளவு சிறிய மக்கள் தொகையின் காணிக்கையை வைத்து ஒரு மாவட்டத்தின் கூரைகளைக்கூட மாற்ற முடியாது. அதற்காகவே 2015இல் திருச்சபை ஒரு தனி அறக்கட்டளையைத் தொடங்கியது. 2016 பிப்ரவரியில் என்ன நடந்தது தெரியுமா? ரொவாடெஷ் ஊரின் கோபுரம் இடிந்து விழுந்தது. அதே வாரத்தில் ரொட்பாவ் ஊரின் கோபுரமும் சரிந்து கூரையின்மீது விழுந்தது. முற்றுகைகளைத் தாங்கிய கோபுரங்கள் ஒரு மழைக்கால ஈரத்தைத் தாங்கவில்லை.

சுவர் எப்போதும் மேலிருந்துதான் சாகும். ஓர் ஓடு நழுவுகிறது. முன்பு தெருக் குழு அடுத்த சனிக்கிழமை அதை மாற்றியிருக்கும். இப்போது அது அப்படியே கிடக்க, நீர் சுவரின் உள்நிரப்புக்குள் இறங்குகிறது. இந்தச் சுவர்களின் இரு முகங்களிலும்தான் ஒழுங்கான கல். நடுவில் சில்லுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்த நிரப்பு. ஈரம் பட்டால் அது கரைந்து கீழே இறங்கும். முகக்கல் வயிறு தள்ளும். இதற்கு மேல், கடந்த நூற்றாண்டில் நல்லெண்ணத்துடன் பூசிய சிமெண்ட். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் உள்ளேயே அடைத்துவைக்கும். பயிற்சியின்போது நாங்கள் ஒரு சதுர மீட்டர் சிமெண்ட் பூச்சைச் சுத்தியலால் தட்டி எடுத்தோம். உள்ளே இருந்த சாந்தைக் கையில் அள்ளியபோது ஈரமணல்போல் விரலிடுக்கில் ஒழுகியது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அதை எல்லோர் கையிலும் ஒரு பிடி வைத்தார், வேறொன்றும் பேசவில்லை.

நல்ல பக்கமும் உண்டு. விஸ்க்ரியில் மிஹாய் எமினெஸ்கு அறக்கட்டளை சுண்ணாம்புப் பூச்சு, கையால் வார்க்கும் ஓடு, செங்கல் சூளை என்று பழைய முறைகளைக் கொண்டே வீடுகளைச் சீரமைத்தது. வேலையைக் கற்றுக்கொண்டு செய்தவர்களில் பலர் உள்ளூர் ரோமா மக்கள். பெண்கள் பின்னும் கம்பளிக் காலுறைகளும் ஊருக்கு வருமானம் தந்தன. இன்றைய இங்கிலாந்து அரசர் சார்லஸ் இளவரசராக இருந்தபோது அங்கே வீடு வாங்கியதால் ஊரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. அதன் பிறகு வந்த கூட்டத்தையும் வாகனங்களையும் எப்படிச் சமாளிப்பது என்பது இப்போது ஊராரின் வேறொரு தலைவலி. ஆகவே எதிர்க்கரை அவர்களே, யாருடைய முன்னோர் கட்டினார்கள் என்பதைவிட, இன்று அந்தச் சூளையில் யார் ஓடு சுடுகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எதிர்க்கரை எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலைக்கு அவர்களுக்குக் கூலி மட்டும் கிடைக்கிறதா, முடிவெடுக்கும் இடமும் கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சுற்றுலாப்பிரியன் எழுதியது:

இவ்வளவு பேசியும் டிராகுலாவைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லையே!

ஓலைச்சுவடி எழுதியது:

வேண்டுமென்றேதான் எழுதவில்லை. சிகிஷோராவில், டிராகுலா என்று பெயர் பெற்ற விளாடின் தந்தையான விளாட் டிராகுல் தங்கியதாகச் சொல்லும் வீடு இப்போது உணவகம், போகிறவர்கள் போகட்டும். 2001இல் அந்த நகரத்துக்கு அருகே, பல நூற்றாண்டு வயதுடைய கருவாலி மரங்கள் நிற்கும் ப்ரெய்டெ மேட்டு நிலத்தில் டிராகுலா கேளிக்கைப் பூங்கா அமைக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. உள்ளூரிலும் வெளிநாட்டிலும் எழுந்த எதிர்ப்பால் அதைக் கைவிட்டது. டிராகுலா கோட்டை என்று சீட்டு விற்கும் பிரான் கோட்டைகூட, 1377இல் ப்ரஷோவின் சாக்சன்கள் அரசரிடம் அனுமதி பெற்றுத் தங்கள் செலவிலும் உழைப்பிலும் கட்டிய எல்லைக் காவல் கோட்டைதான்.

மலைப்பாதை எழுதியது:

செப்டம்பர்ப் பயணம் முடிந்து திரும்பிவிட்டேன். உங்கள் அனைவரின் குறிப்புகளையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

ப்ரெஷ்மெரில் தேய்ந்த படிகளைக் கல்தச்சன் சொன்னபடியே பார்த்தேன். பியர்தானில் அரை நாள் இருந்தேன். 1572 முதல் 1867 வரை சாக்சன் ஆயர்களின் இருப்பிடம் அது. மூன்று சுற்று மதில்கள், 28 ஓவியப் பலகைகள் கொண்ட பீடம் எல்லாம் இருந்தும் என்னைப் பிடித்து நிறுத்தியது சக்கிரீஸ்துக் கதவுதான், அதாவது வழிபாட்டுப் பொருள்களை வைக்கும் அறையின் கதவு. 1515ஆம் ஆண்டில் செய்த கதவு அது. முன்பக்கம் பலவகை மரத்துண்டுகளை இழைத்துப் பொருத்திய அழகிய வேலைப்பாடு; பின்பக்கம் முழுவதும் இரும்பு எந்திரம். சாவியைத் திருகினால் கதவின் எல்லா விளிம்புகளிலிருந்தும் தாழ்கள் ஒரே நேரத்தில் வெளியே நீள்கின்றன. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு அந்தப் பூட்டைக் கொண்டுபோய் வைத்தார்களாம். மணமுறிவு கேட்ட தம்பதியரை ஒரே கட்டில், ஒரே தட்டு, ஒரே கரண்டியோடு அடைத்து வைத்த அறையையும் காட்டினார்கள். அந்த முறையில் சேர்ந்தவர்கள் மனம் மாறிச் சேர்ந்தார்களா, கரண்டிக்காகச் சேர்ந்தார்களா என்று கேட்டேன். வழிகாட்டியிடம் விடை இல்லை.

சென்ற முறை பூட்டியிருந்த அந்தக் கிராமத்துக்கு மீண்டும் போனேன். இந்த முறை கைப்பேசியை எடுத்தார்கள். கால் மணி நேரத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ரோமா அம்மையார் ஒருவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சென்ற முறை அழைத்தபோது உருளைக்கிழங்கு வயலில் இருந்தாராம். கையில் ஒரு முழம் நீளமுள்ள சாவி. 1990 ஆகஸ்டில் எதிர் வீட்டுக்காரர்கள் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது, குளிர்காலம் முடியும்வரை வைத்துக்கொள் என்று அவருடைய மாமியாரிடம் கொடுத்த சாவி அது. மாமியார் இறந்த பிறகு இவரிடம் இருக்கிறது. தனக்கு லூத்தரன் வழிபாட்டில் ஒன்றும் தெரியாது என்றும், நண்பகல் மணியை மட்டும் நாள்தோறும் அடிப்பதாகவும் சொன்னார். அடிக்காவிட்டால் வயலில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தெரியாதல்லவா என்று அவரே காரணத்தையும் சொன்னார்.

எதிர்க்கரை அவர்களின் கேள்வியை அவரிடம் கேட்டேன். கோடையில் ஜெர்மனியிலிருந்து வந்து பார்ப்பவர்கள் கூரைக்குப் பணம் அனுப்புகிறார்கள், எந்த ஓட்டை முதலில் மாற்ற வேண்டும் என்று அவர் தொலைபேசியில் சொல்கிறார், அதைத்தான் மாற்றுகிறார்கள். மழை பெய்யும்போது எங்கே ஒழுகுகிறது என்று இங்கே இருப்பவருக்குத்தானே தெரியும் என்றார். பிறகு கோபுரத்தின் கீழே, வரிசையாக வைத்திருந்த நான்கு பிளாஸ்டிக் வாளிகளைக் காட்டினார். ஒன்றில் பாதி நீர் இருந்தது. அதை எடுத்துப்போய் வாசலில் இருந்த சாமந்திச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, வாளியை அதே இடத்தில் வைத்தார்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடச் சொன்னார். எனக்கு முன்னால் இருந்த கையெழுத்துப் பதினோரு நாட்களுக்கு முந்தையது.